பிரித்துத் தைத்த ரவிக்கை

என் பிள்ளைகள் கோகிலாவும் செந்திலும் படிப்பதற்காக இதை எழுதுகிறேன். நான் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், சொல்ல வந்ததை மட்டும் மாற்றிவிட வேண்டாம்.

தோள்பட்டை வலி தாங்க முடியாமல், போன மாதம் ராசிபுரம் தையல் கடையைக் கோகிலாவிடம் ஒப்படைத்தேன். வந்த முதல் வாரமே அவள் பெயிண்ட் அடித்தாள், ஆளுயரக் கண்ணாடி மாட்டினாள். திரைக்குப் பின்னால் கிடந்த கோரைப் பாயையும் மணைப்பலகையையும் தூக்கி வெளியே வைத்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"ஏப்பா, ட்ரையல் பாக்க வர்றவங்கள எதுக்குப்பா பாயில உக்கார வெக்கறீங்க? கண்ணாடி முன்னால நின்னு பாத்தாப் பத்தாதா? டிசைன் நல்லா இருக்குதான்னுதான பாக்கோணும்?"

"பத்தும், பத்தாது" என்று ஏதோ உளறிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். முப்பத்தைந்து வருடம் சொந்தக் கடை நடத்தியவனுக்கு இதற்கு நேராகப் பதில் சொல்ல வரவில்லை. யோசித்துப் பார்த்தால், அந்தப் பதிலில் எனக்கு மூன்று நான்கு பேர் கொடுத்தது கலந்திருக்கிறது. ஒரு பெண்ணுக்கு நான் செய்த தவறும் அதில் இருக்கிறது. அதனால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

வெண்ணந்தூரில் எங்கள் வீட்டில் தறி இருந்தது. எனக்குக் கால் ஒன்று சற்றுக் குட்டை என்பதால் தறிக்குழியில் உட்கார முடியவில்லை. பத்தொன்பது வயதில் தினமும் ராசிபுரத்துக்கு சைக்கிள் மிதித்துப் போய் சரோஜாக்கா கடையில் சேர்ந்தேன். முதல் வருடம் காஜா எடுத்தேன், கொக்கி வைத்தேன். இரண்டாம் வருடம் மிஷினில் உட்கார்ந்தேன். மூன்றாம் வருடம் கத்தரி கைக்கு வந்தது. கற்றுக்கொண்டது அவ்வளவுதான், அதில் கதை ஒன்றும் இல்லை.

கதை சரோஜாக்காதான். புருஷன் லாரியில் போனவர் போனவர்தான், திரும்பவில்லை. அக்கா தனியாகக் கடை வைத்து, ஆண்கள் நான்கு பேரை வேலைக்கு வைத்து நடத்தியது. உரக்கப் பேசும், உரக்கச் சிரிக்கும், வெற்றிலை போடும். எங்களில் யாரையும் உட்கார வைத்து அறிவுரை சொன்னதே இல்லை. தப்புச் செய்தால் அந்த இடத்திலேயே கூத்துக் கட்டிவிடும், அவ்வளவுதான்.

ஒருநாள் நடந்ததைச் சொல்கிறேன். ரவிக்கைக்கு அளவு கொடுக்கிற பெண்கள் பெரும்பாலும் பழைய ரவிக்கை ஒன்றை 'அளவு ஜாக்கெட்' என்று கொண்டுவருவார்கள். அது இல்லாமல் வந்தால் அக்காதான் திரைக்குப் பின்னால் கூட்டிப் போய் டேப் பிடிக்கும், துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வந்து என்னிடம் தரும். அன்றைக்குக் கடையில் நல்ல கூட்டம். சீட்டில் இருந்த எண் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. இருந்த இடத்திலிருந்தே, "ஏனுங்க்கா, மாரு நாப்பத்திரண்டா, நாப்பத்தேழா?" என்று கத்திக் கேட்டுவிட்டேன். பெஞ்சில் காத்திருந்த பெண்கள் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அளவு கொடுத்த பெண் துணியை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டாள்.

அக்கா என்னைத் திட்டவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு என்னைக் கடை வாசலுக்கு இழுத்துப் போனது. சட்டைக்கு மேலேயே என் நெஞ்சைச் சுற்றிப் பிடித்து, எதிரில் இருந்த டீக்கடை வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னது.

"அய்யா எல்லாரும் கேட்டுக்கோங்க! நம்ம டெய்லரு மாரு இருவத்தொம்போது! இடுப்பு இருவத்தஞ்சு! அடுத்த வாரம் காத்தடிச்சா ஏத்தாப்பூருல போய்த் தேடோணும்!"

டீக்கடையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். ஒருவர், "பறக்க உடுங்க அக்கா, பட்டத்துக்கு வாலு பத்தல" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா டேப்பைச் சுருட்டி என் கழுத்தில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டது. அன்றிலிருந்து இன்று வரை ஒரு பெண்ணின் அளவை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. இந்தக் கட்டுரையில்கூட எழுத மாட்டேன். அந்த நாற்பத்திரண்டு யாருடையது என்று இனி ஒருவருக்கும் தெரியாது, அதனால்தான் எழுதினேன்.

இப்போது பாய்க்கு வருகிறேன்.

கல்யாண ரவிக்கை என்றால் முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்னால் ட்ரையல் பார்க்க வேண்டும் என்பது அக்காவின் சட்டம். திரைக்குப் பின்னால் பாய், பாயின் மேல் மணைப்பலகை. பெண் ரவிக்கையைப் போட்டு, சேலையை மேலே சுற்றிக்கொண்டதும் அக்கா ஆரம்பிக்கும். திரைக்கு இந்தப் பக்கம் மிஷினில் இருக்கிற எங்களுக்குக் குரல் மட்டும் கேட்கும்.

"மாப்பள ஒசரமா, குட்டையா?"

"ஒசரமுங்க."

"அப்ப கைய நல்லா ஒசக்கத் தூக்கு. மாலை போடு. இன்னொருக்கா போடு, மூணு தடவ மாத்தோணுமில்ல. அக்குள்ள இழுக்குதா?"

"லேசா இழுக்குதுங்க."

"செரி. இப்ப மணையில உக்காரு. சம்மணம் போட்டு. ஓமப் பொகையில ஒரு மணி நேரம் இருக்கோணும், மூச்ச இழுத்து உடு பாக்கலாம். ம். எந்திரி. உங்க மாமனாரு காலுல உளு. முதுகுல கொக்கி பேசுதா, தெறிக்கறாப்பல இழுக்குதா?"

"பேசலைங்க."

"கடைசியா பந்தியில உக்காரு. ரெண்டு கவளம் அள்ளி வாயில வெய்யி. வெறுங்கைதான், வெய்யி! கல்யாணப் பொண்ணு சாப்புடலீன்னா அந்த ரவிக்கைய நானு தைக்கலீன்னு அர்த்தம்."

கை தூக்குவது, குனிவது, உட்காருவது, உண்பது. எங்கே இழுக்கிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டு அக்கா எங்களிடம் தரும். நாங்கள் பிரித்துத் தைப்போம். அதற்காகவே ரவிக்கையின் பக்கவாட்டில் உள்ளே ஒரு இஞ்ச் துணியை மடித்து விட்டுவைப்போம். குழந்தை பிறந்தாலும் இளைத்தாலும் அதே ரவிக்கையை விரித்துக்கொள்ளலாம், பிடித்துக்கொள்ளலாம்.

ஃபேஷன் என்று ஒன்று வருவதும் போவதும் எனக்குப் பழகிவிட்டது. கை முழங்கை வரைக்கும் இறங்கியது, தோளுக்கு ஏறியது, பஃப் வைத்தது, பஃப் போனது, மறுபடியும் வந்தது. முதுகு ஜன்னல் மாதிரி திறந்தது, கயிறு கட்டியது, குஞ்சம் தொங்கியது. நான் எதையும் வேண்டாம் என்று சொன்னவன் இல்லை. புதுசாக ஒரு கழுத்து வெட்டினால் எனக்கே ஒரு சந்தோஷம் வரும். "அந்தக் காலத்துல அடக்கமா இருந்தாங்க" என்று கடையில் வந்து பேசுகிறவர்களுக்கு நான் ஒரு சம்பவம் சொல்வேன்.

சரோஜாக்கா கடையில் நான் இருந்தபோது ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியம்மா வந்தார். எழுபது வயது இருக்கும். பேரன் கல்யாணத்தில் போட்டோ எடுக்கிறார்களாம், ரவிக்கை போட்டால்தான் ஆச்சு என்று மருமகள் இழுத்து வந்திருந்தாள். அதுவரைக்கும் அவர் ரவிக்கையே போட்டதில்லை. சேலையைத்தான் இறுக்கிக் கட்டியிருந்தார். மருமகள் அக்காவிடம், "நம்ம பாரம்பரியப்படி முழங்கை வரைக்கும் கை வெச்சுத் தையுங்க" என்றாள். பெரியம்மா கேட்டார், "ஏன்டி, எழுவது வருசம் களையெடுத்தேன், அஞ்சு புள்ள பெத்தேன், அப்பெல்லாம் எனக்குப் பாரம்பரியம் இல்லையாக்கும்? இது எப்ப வந்துச்சு?" அக்கா சிரித்த சிரிப்பில் வெற்றிலை எச்சில் துணியில் தெறித்துவிட்டது. கடைசியில் அந்த அம்மாவுக்குப் பிடித்த மாதிரி தொளதொளவென்று, கை இல்லாமல் தைத்துக் கொடுத்தோம்.

அதனால் எது பாரம்பரியம், எது ஃபேஷன் என்று என்னைக் கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். படத்தில் இருக்கிற பெண் நின்றுகொண்டே இருக்கிறாள். கடைக்கு வருகிற பெண் உட்காருவாள், குனிவாள், பசித்தால் சாப்பிடுவாள். நான் தைப்பது வந்தவளுக்கு.

இதைத் தெரிந்துகொண்டுவிட்டேன் என்ற நினைப்பில்தான் அந்தத் தவறைச் செய்தேன்.

நடந்து நாலைந்து வருடம் இருக்கும். நாமகிரிப்பேட்டைப் பக்கம் மரவள்ளி போடுகிற குடும்பம். பெண்ணின் பெயரை மாற்றிப் பிருந்தா என்று வைத்துக்கொள்கிறேன். முகூர்த்தப் பட்டோடு ஒட்டி வந்த ரவிக்கைத் துணியைக் கொண்டுவந்தாள். அதோடு போனில் ஒரு படம். பின்கழுத்து இறக்கம், கையில் ஆரி ஊசியால் போட்ட பூவேலை, உடம்போடு ஒட்டின மாதிரி தையல். உங்கள் அம்மாதான் எங்கள் கடையில் டேப் பிடிப்பாள் என்று உங்களுக்குத் தெரியும். அளவு எடுத்துச் சீட்டைக் கொடுத்ததும் பிருந்தா என்னிடம் வந்து நின்றாள்.

"ஏனுங்ணா, அக்கா எடுத்த அளவுல ரெண்டு இஞ்ச் கொறச்சுத் தைங்க."

"ஏன் அம்மணி? இறுக்குமே."

"நா கல்யாணத்துக்குள்ள எளச்சிருவனுங்ணா. உள்ள துணியும் உடாதீங்க, பிதுங்கித் தெரியும்."

அவளுடைய அம்மா பக்கத்தில் நின்று முணுமுணுத்தார். "நிச்சயத்துக்கு உறுதி வார்த்தை பேசினன்னைக்கு மாப்பள ஊட்டுல ஒரு அத்த, பொண்ணு கொஞ்சம் பூசினாப்பல இருக்குதுன்னு சும்மா சொல்லிப்போட்டாங்க. அதப் புடிச்சுட்டு இவ சோறே திங்கறதில்லீங்க."

"அம்மா, சும்மா இரும்மா நீ."

வாடிக்கையாளர் சொன்னால் செய்ய வேண்டியதுதான் என்று தலையாட்டினேன். ஆனால் வெட்டும்போது கை கேட்கவில்லை. அந்தப் பட்டுக்கு வேறு துணி கிடைக்காது. நிஜ அளவுக்கு வெட்டி, அவள் சொன்ன அளவுக்குத் தைத்து, மீதியை உள்ளே மடித்து விட்டுவிட்டேன்.

பத்து நாள் முன்னால் ட்ரையலுக்கு வந்தாள். கண் உள்ளே போயிருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது. ஆனால் மாரிலும் முதுகிலும் இளைக்கவே இல்லை. உடம்பு நாம் சொல்கிற இடத்திலா இளைக்கிறது? திரைக்குப் பின்னால் உங்கள் அம்மாவின் குரல் கேட்டது. "மூச்ச உடு சாமி. ஏன் புடிச்சுட்டு நிக்கற?" பிறகு மணைப்பலகை தடாலென்று நகர்கிற சத்தம். பிருந்தா மயங்கிச் சரிந்திருந்தாள். ஓடிப் போய்த் தண்ணீர் தெளித்தோம். காலையிலிருந்து அரை வெள்ளரிக்காய்தான் தின்றிருக்கிறாள். டீ வாங்கிக் கொடுத்தால் சர்க்கரை இருக்கிறது என்று தள்ளிவிட்டாள்.

"பிரிச்சுப் பெருசாக்கித் தர்றேன் அம்மணி" என்றேன்.

"வேண்டாங்ணா! இன்னும் பத்து நாளு இருக்குதுங்கல்ல. நா உள்ள வந்துருவேன்."

ரவிக்கை என்னவோ ஒரு ஊர் மாதிரியும், இவள் வெளியே நிற்கிற மாதிரியும் அவள் சொன்னது எனக்கு இன்னமும் காதில் இருக்கிறது.

அவர்கள் போன பிறகு நான் ரவிக்கையை எடுத்து வைத்துப் பக்கத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தேன். உங்கள் அம்மா வந்து கையைப் பிடித்தாள்.

"அந்தப் புள்ளைகிட்டச் சொல்லிப்போட்டுப் பிரிங்க."

"சொன்னா உடாது. பத்து நாளு பட்டினி கெடந்து மணையில உளுந்தா என்ன பண்றது?"

"அதுக்குப் பொய் சொல்லுவீங்களா?"

"நான் எங்க பொய் சொல்றேன்? ரவிக்கதான சொல்லுது."

பக்கத்துக்கு அரை அரை இஞ்ச், முன்னும் பின்னும் விரித்து, நிஜ அளவுக்குக் கொண்டுவந்தேன். பட்டில் ஒரு தொல்லை உண்டு. நூல் துணி மாதிரி இல்லை, ஒருமுறை ஊசி போன இடம் பட்டில் மறையாது. நகத்தால் தேய்த்தேன், ஈரத் துணி போட்டு அயர்ன் வைத்தேன். கண்ணை இடுக்கிப் பார்த்தால் மட்டும் தெரிகிற அளவுக்கு மங்கியது. அக்குளுக்குக் கீழே யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

நான்கு நாள் கழித்து அவர்களை வரச் சொன்னேன். பிருந்தா போட்டுப் பார்த்தாள். கொக்கி எல்லாம் பூ மாதிரி மாட்டியது. திரையை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அண்ணா, எறங்கிட்டனாங்ணா?"

உங்கள் அம்மா என்னைப் பார்த்தாள்.

"ஆமா அம்மணி, நல்லா எறங்கிட்ட. இதுக்கு மேல எளச்சா தொளதொளன்னு ஆயிரும். இனி நல்லாச் சாப்புடு" என்றேன்.

எதிர் ஓட்டலில் இருந்து வாங்கி வந்த இட்லி நான்கையும் அவள் கடையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். அவளுடைய அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சட்னி ஊற்றினார். கல்யாணத்துக்கு நாங்கள் போயிருந்தோம். மூன்று தடவை கை தூக்கி மாலை மாற்றினாள், ஓரிடத்திலும் இழுக்கவில்லை. பந்தியில் பாயசம் வரைக்கும் சாப்பிட்டதைப் பார்த்தேன். என் தொழிலில் இதைவிடப் பெரிய காரியம் செய்ததில்லை என்று வீட்டுக்கு வருகிற வரைக்கும் பேசிக்கொண்டே வந்தேன். உங்கள் அம்மா பஸ் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஒரு வருடம் கழித்து பிருந்தா வந்தாள். ஏழாம் மாதம், வளைகாப்புக்கு ரவிக்கை தைக்க வேண்டும். மாப்பிள்ளையை வெளியே வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். பையிலிருந்து அந்தக் கல்யாண ரவிக்கையை எடுத்து, அக்குள் பக்கத்தைத் திருப்பி, ஊசித் தடம் ஓடுகிற வரியில் விரலை வைத்தாள்.

"இது என்னங்ணா?"

நான் கத்தரியைக் கீழே வைத்தேன்.

"முகூர்த்தத்தன்னைக்குக் காலையில மேக்கப் போட வந்த அக்கா கையத் தூக்கச் சொல்லிப்போட்டு, ஏனுங்க இது பிரிச்சுத் தெச்சதான்னு கேட்டாங்க. அந்த அத்த பக்கத்துலயே நிக்கறாங்க. எல்லாரும் பாக்கறாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலீங்ணா."

"நீ மயங்கி உளுந்தியே அம்மணி... அதுக்குத்தான்..."

"தெரியுமுங்ணா. சாப்புட வெச்சதுக்கு உங்களுக்கு நன்றி சொல்லோணும், அதுக்குத்தான் வேற கடைக்குப் போகாம இங்க வந்தேன். ஆனா என்ற ஒடம்பப் பத்தி உங்களுக்குத் தெரியும், அக்காளுக்குத் தெரியும், எங்கம்மாளுக்குத் தெரியும், மேக்கப்காரிக்கும் தெரியும். எனக்கு மட்டுந்தான் தெரியாது. அந்த அத்தையாவது மூஞ்சிக்கு நேராச் சொன்னாங்க."

என்னால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பெண்களின் அளவை ஊருக்குச் சொல்லாதவன் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. அளவுக்குச் சொந்தக்காரியிடமே அதை மறைத்தேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அந்த அத்தை அவள் உடம்பு இப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார், நான் அவள் மனசு இவ்வளவுதான் தாங்கும் என்று முடிவு செய்தேன். இரண்டு பேரும் அவளைக் கேட்கவில்லை.

"தப்புதான் சாமி" என்றேன்.

"செரி உடுங்க. மூஞ்சத் தொங்கப் போடாதீங்க, எனக்கு வெசனமாப் போயிரும்." சிரித்தாள். "இனி ஆருக்குன்னாலும் சொல்லிப்போட்டுச் செய்யுங்கண்ணா. சண்டை போட்டா போடட்டும்."

உங்கள் அம்மா வந்து டேப்பை எடுத்தாள். பிருந்தாவே எழுந்து கையை விரித்து நின்றாள். எடுத்த அளவைச் சீட்டில் எழுதி முதலில் அவள் கையில் கொடுத்தோம். படித்துப் பார்த்து, "யப்பா, ரெண்டாளு அளவாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டு என்னிடம் நீட்டினாள். அந்த வளைகாப்பு ரவிக்கையைத் தைத்த அன்றைக்குத்தான் இந்தத் தொழிலை நான் முழுசாகக் கற்றேன் என்று நினைக்கிறேன். அதற்கு நான் அவளுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். சரோஜாக்காவுக்கும், பிரிக்கும்போது கையைப் பிடித்த உங்கள் அம்மாவுக்கும்தான்.

கோகிலா, நீ பாயை எடுத்தது தப்பு என்று சொல்ல இதை எழுதவில்லை. கடை உன்னுடையது. கண்ணாடியும் வேண்டும், பெண்கள் தங்களை அழகாகப் பார்த்துக்கொள்ள ஆசைப்படுவதில் ஒரு குற்றமும் இல்லை. என்ன வைத்தாலும், வருகிறவளிடம் கேட்டு வை, சொல்லி வெட்டு.

அப்படிச் சொன்னால் எல்லாம் நல்லபடி முடியும் என்றும் நினைத்துக்கொள்ளாதே. போன தை மாதம் ஒரு பெண் வந்தாள். பிருந்தா சொன்ன மாதிரியே, ரெண்டு இஞ்ச் குறைக்கச் சொன்னாள். இந்த முறை நான் மறைக்கவில்லை.

"அம்மணி, இது உன்ற அளவு. இதுக்குக் கொறச்சுத் தெச்சா உன்னால உக்கார முடியாது, சாப்புட முடியாது. நீ கேட்டாத் தெச்சுத் தர்றேன், ஆனா உள்ள துணி உட்டுத்தான் தைப்பேன், எப்ப வேணும்னாலும் வா, உன் கண்ணு முன்னாலயே பிரிச்சுத் தர்றேன்" என்றேன். அவள் சீட்டைப் படித்தாள். முகம் சிவந்துவிட்டது. துணியை வாங்கிக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டாள்.

அவளுக்குச் சித்திரையில் கல்யாணம் என்று கேள்விப்பட்டேன். எந்த ரவிக்கையில் மணையில் உட்கார்ந்தாளோ, தெரியாது. கல்யாணத்தன்றைக்கு முகூர்த்தம் முடிகிற நேரத்தில் நானும் உங்கள் அம்மாவும் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். உங்கள் அம்மாவே சொன்னாள்: "இந்நேரம் பந்தி போட்டிருப்பாங்க. அந்தப் புள்ளையும் சாப்புட்டுருக்கும்."

சாப்பிட்டிருப்பாள் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டேன்.